வெட்டுவதற்கென்றே நடுவது

எங்கள் நெம்மேலிப் பக்கம் சவுக்கு வைத்திருப்பவரிடம் தோப்புக்கு என்ன வயது என்று கேட்டுப் பாருங்கள். வயதைச் சொல்ல மாட்டார். "இன்னும் ஒண்ணரை வருஷம் இருக்குது" என்பார். மாமரத்துக்கும் தென்னைக்கும் வைத்த நாளிலிருந்து கணக்கு. சவுக்குக்கு மட்டும் வெட்டுகிற நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கு. பிறந்ததிலிருந்து இதையே கேட்டு வளர்ந்ததால் எனக்கு இதில் யோசிக்க ஏதாவது இருக்கிறது என்றே தோன்றியதில்லை. என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சர்தான் யோசிக்க வைத்தார்.

அவர் வந்தவாசிப் பக்கம். தமிழ்ச் சமணர், நயினார் வீட்டுப் பெண். நான் தமிழ் நடத்தினேன், அவர் கணக்கு. உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம் எதுவும் அவர் டப்பாவில் இருக்காது. இருட்டியபின் சாப்பிட மாட்டார். பள்ளி ஆண்டுவிழா நீண்டுபோனால் பட்டினியாகவே பஸ் ஏறுவார். ஒரு மத்தியானம் என் தோப்பை வியாபாரி வந்து பார்த்துவிட்டுப் போனதையும், விலை படியாததையும் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டு டப்பாவை மூடினார். "ஏன் டீச்சர், வைக்கும்போதே வெட்டுற வருஷமும் முடிவாயிடுதுன்னா, நீங்க மரத்தை வைக்கிறீங்களா, விறகை வைக்கிறீங்களா?"

குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவருடைய கேள்விகள் எப்போதும் அப்படித்தான், அதனால்தான் பதில் சொல்லாமல் தப்பிக்க முடியாது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் தாண்டி, திருவிடந்தை தாண்டி, முதலைப் பண்ணை இருக்கும் வடநெம்மேலி தாண்டினால் நாங்கள். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், நடுவில் மணல். இப்போது நெம்மேலி என்றால் எல்லோருக்கும் ஞாபகம் வருவது கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம். 2013-ல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டருக்கு ஒன்று, 2024-ல் 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று. அந்தத் தண்ணீர் சென்னைக்குப் போகிறது. தோப்புக்கு வேண்டிய தண்ணீரை நாங்கள்தான் மணலுக்குள் தேடிக்கொள்ள வேண்டும்.

இங்கே மழை குறைவு என்று சொல்ல முடியாது. ஆனால் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டித் தீர்த்துவிடும். தையில் வானம் வெளுத்தால் ஆடி வரைக்கும் மணல் காய்ந்தே கிடக்கும். கத்திரியில் செருப்பில்லாமல் தோப்புக்குள் கால் வைக்க முடியாது. மேலே உப்புக் காற்று, கீழே தண்ணீரைப் பிடித்து வைக்கத் தெரியாத மண். இதில் நெல் வராது. தர்பூசணியும் வேர்க்கடலையும் வரும், பனை வரும், சவுக்கு வரும்.

வெளிநாட்டுக்காரர்கள் சவுக்கைப் பார்த்தால் பைன் மரம் என்றே நினைப்பார்கள். ஊசி ஊசியாகத் தொங்குவது, சின்னக் கூம்பு போன்ற காய், காற்றில் எழும் இரைச்சல் எல்லாம் அப்படியே இருக்கும். சொந்தம் மட்டும் இல்லை. பைன் பூக்காத குலம், சவுக்கு பூக்கிற குலம். நம் மாநிலத்தில் நிஜப் பைனைப் பார்க்கக் கொடைக்கானலுக்கோ நீலகிரிக்கோ மலையேற வேண்டும். அதுவும் வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கி ஆட்கள் நட்டு வளர்த்ததுதான். வறண்ட சமவெளியில் பைன் செய்திருக்க வேண்டிய வேலையை இங்கே சவுக்கு செய்கிறது. நாம் ஊசி இலை என்று நினைப்பது அதில் இலையே இல்லை, மெல்லிய பச்சைக் கிளை. கணுவில் பல் பல்லாக நிற்கும் செதில்கள்தான் இலை. மூச்சுவிடும் துளைகளைக் கிளையின் நீளவாட்டுப் பள்ளங்களுக்குள் ஒளித்து வைத்திருக்கிறது, வெயிலுக்கும் காற்றுக்கும் தண்ணீர் பறிபோகாமல். பிள்ளைகள் ஒரு கணுவைக் கழற்றித் திரும்பச் செருகிவிட்டு "எங்க உடைச்சேன் சொல்லு" என்று விளையாடுவார்கள். நானும் விளையாடியிருக்கிறேன். வேரில் முண்டு முண்டாக ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் குடியிருந்து காற்றிலிருக்கும் நைட்ரஜனை மரத்துக்குத் தேவையான உரமாக்கிக் கொடுக்கிறது. அதனால்தான் வெறும் மணலில் நிற்கிறது.

இதன் சொந்த ஊர் ஆஸ்திரேலியா, தென்கிழக்கு ஆசியக் கரைகள், பசிபிக் தீவுகள். நம் அந்தமானிலும் இயல்பாக உண்டு. சோழமண்டலக் கரையில் இது தோப்பு தோப்பாகப் பெருகியது 19-ஆம் நூற்றாண்டில். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா பக்கம் ரயில் ஓடத் தொடங்கியது. அந்தக் காலத்து எஞ்சின் விறகு தின்னும். பட்டணத்து அடுப்புகளுக்கும் விறகு வேண்டும். சீக்கிரம் வளர்ந்து நன்றாக எரியும் மரத்தைத் தேடியவர்களுக்குச் சவுக்கு கிடைத்தது. ஆக, எங்கள் கரைக்கு இது நிழலுக்கோ பூவுக்கோ வரவில்லை. எரிவதற்கே வந்தது. டீச்சரின் கேள்விக்கு வரலாறும் அவர் பக்கமே சாட்சி சொல்கிறது.

அன்றைக்கு நான் சொன்ன முதல் பதில், யாரும் சொல்லக்கூடியதுதான். "நெல்லும் அறுக்கத்தானே விதைக்கிறோம்?"

அவர் தலையை ஆட்டினார். நெல் பழுத்தால் தானே காயும், அரிவாள் வராவிட்டாலும் அதன் காலம் அவ்வளவுதான். சவுக்கு நாற்பது ஐம்பது வருஷம் நிற்கக்கூடியது. அதை நாலு வருஷத்தில் சாய்க்கிறீர்கள். இரண்டும் ஒன்றல்ல என்றார். மறுக்க முடியவில்லை. வாழையைக் கொண்டுவந்து பார்த்தேன். திருக்கழுக்குன்றத்துக்குக் கதலிவனம் என்றொரு பெயருண்டு, அங்கே தலமரமே வாழை. குலை தள்ளியதும் வெட்டுகிற ஒன்றைத்தானே கும்பிடுகிறோம் என்றேன். அதற்கும் அதே பதில்தான் வந்தது. வாழை குலை தள்ளினால் போய்விடும், பக்கக்கன்று நிற்கும். சவுக்கை வெட்டினால் பெரும்பாலும் துளிர்க்காது. யூகலிப்டஸ் அடிமரத்திலிருந்து மறுபடி கிளம்பும். எங்கள் மரத்துக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. வேர்க்கட்டையையும் தோண்டி எடுத்துச் செங்கல் சூளைக்கோ ஓட்டல் அடுப்புக்கோ அனுப்பிவிட்டுப் புதிதாக நாற்று வைப்போம்.

சமணத்தில் இம்சையை நாலாகப் பிரிப்பார்கள் என்று அவர்தான் விளக்கினார். வேண்டுமென்றே கொல்வது சங்கல்ப இம்சை. சமைக்கும்போதும் பெருக்கும்போதும் நேர்வது ஆரம்ப இம்சை. பிழைப்புக்கான தொழிலில் நேர்வது உத்தியோக இம்சை. தற்காத்துக்கொள்ளும்போது நேர்வது விரோத இம்சை. இல்லறத்தில் இருப்பவர்கள் முதலாவதை அறவே விட வேண்டும். மற்ற மூன்றில் முடிந்த அளவு குறைத்துக்கொள்ள வேண்டும். அதிலும் செடி கொடி போன்ற ஓரறிவு உயிரை இல்லறத்தார் முழுதாகத் தவிர்க்க முடியாது. தேவைக்கு மேல் தொடாதே என்பதோடு அவர்களுக்கான விரதம் நின்றுவிடுகிறது. இவ்வளவு தூரம் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் சமண நூல்களில் இல்லறத்தார் விலக்க வேண்டிய 15 தொழில்களின் பட்டியல் ஒன்று இருக்கிறதாம். அதில் கரி சுடும் தொழிலும், மரம் வெட்டி விற்கும் தொழிலும் தனித்தனியாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. "உங்க தோப்பு ரெண்டுக்கும் ஆகும் டீச்சர்" என்று சிரித்தார்.

என் மனதில் தைத்தது பட்டியல் இல்லை, சங்கல்பம். மழைக்காலத்தில் குழி எடுத்து ஒரு முழ நாற்றை இறக்கி மண்ணை மிதிக்கும்போதே அதை நான் வெட்டி முடித்துவிட்டேன். இடையில் இருக்கும் நாலு வருஷம் காத்திருப்பு மட்டும்தான். எதேச்சையாக நேர்வது, தொழிலில் தவிர்க்க முடியாமல் நேர்வது என்று எந்த அறைக்குள்ளும் இதைத் தள்ள முடியாது.

தமிழ் டீச்சருக்கு வேறு வழியில்லை, தொல்காப்பியத்துக்குப் போனேன். மரபியலில் உயிர்களை அறிவின் கணக்கில் அடுக்குமிடத்தில் புல்லும் மரமும் முதல் படியில் நிற்கின்றன, தொடுவதை மட்டும் அறியும் உயிர்களாக. அறிவு குறைவு என்கிறதே தவிர, உயிரில்லை என்று சொல்லவில்லை. மனு நூலிலும் பார்த்தேன். பச்சை மரத்தை விறகுக்காக வெட்டுவதைச் சிறு பாவங்களின் வரிசையில் வைத்திருக்கிறது. பழமரத்தை வெட்டியவன் மந்திரம் நூறு ஓத வேண்டும் என்று பரிகாரமும் சொல்கிறது. பரிகாரத்தை விலைப்பட்டியல் மாதிரி எழுதியிருப்பதில் எனக்கு மரியாதை வரவில்லை, அது வேறு விஷயம்.

வராகமிகிரரின் பிருகத்சம்ஹிதை எனக்குக் கொஞ்சம் நெருக்கமாக வந்தது. சிலை செய்ய மரம் தேடிக் காட்டுக்குப் போகிறவன் முந்தின இரவே மரத்துக்குப் பூசை போட்டு, இதில் குடியிருக்கும் பூதங்களே, இந்தப் பலியை ஏற்றுக்கொண்டு வேறிடம் பெயருங்கள், எங்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் வெட்டு மேஸ்திரி இந்த நூலின் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார். ஆனால் தோப்பில் கத்தி வைக்கிற காலையில் ஈசானிய மூலையில் நிற்கும் மரத்துக்குக் குங்குமம் இட்டு, கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்துவிட்டுத்தான் ஆளை இறக்குவார். "எதுக்கு மேஸ்திரி?" என்று கேட்டால், "உள்ள என்னென்ன இருக்குதோ, நமக்கு இன்னாம்மா தெரியும்" என்பார். ஏக்கருக்கு 4,000 மரம், மொத்தத்துக்கும் ஒரே தேங்காய்.

பௌத்த விநய நூலில் இதே போல ஒரு சம்பவம் வருகிறது. ஆளவி என்ற ஊரில் குடில் கட்ட ஒரு பிக்கு மரம் வெட்டுகிறார். அதில் வாழும் தேவதை, என் வீட்டை இடித்து உன் வீட்டைக் கட்டாதே என்கிறது. அவர் கேட்கவில்லை. வெட்டு தேவதையின் குழந்தை கையில் விழுகிறது. அவரைக் கொன்றுவிடலாமா என்று நினைத்த தேவதை, மனதை மாற்றிக்கொண்டு புத்தரிடம் போய் முறையிடுகிறது. கொல்லாமல் வந்தது நல்லது என்று பாராட்டி, இன்ன இடத்தில் ஒரு மரம் காலியாக இருக்கிறது, அங்கே போய் இரு என்கிறார் புத்தர். அதன் பிறகுதான் செடி கொடிகளுக்குச் சேதம் செய்வது பிக்குகளுக்குக் குற்றம் என்று விதி வந்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. வராகமிகிரர், மேஸ்திரி, ஆளவித் தேவதை, எல்லோருக்கும் கவலை மரத்தில் குடியிருப்பவரைப் பற்றி. குடியிருப்பவருக்கு வேறு இடம் காட்டிவிட்டால் மரத்தின் கணக்கு அநேகமாக முடிந்தது. மரத்திடமே போய் நின்று, உன்னை என்ன செய்யட்டும் என்று கேட்பது சமணரும் தொல்காப்பியமும்தான். டீச்சரின் கேள்வி கூர்மையாக இருந்ததற்குக் காரணம் அதுதான். அவர் பேய் பிசாசைப் பற்றிக் கேட்கவில்லை.

இந்த விவகாரத்தில் வேடிக்கையான பகுதி ஒன்றும் உண்டு. முன்பெல்லாம் விதை தூவி நாற்றங்கால் போட்டுத்தான் சவுக்கு வைப்போம். இப்போது குளோன் கன்று வந்துவிட்டது. கோயம்புத்தூரில் இருக்கும் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் நல்ல மரங்களாகத் தேர்ந்தெடுத்து, கிளைநுனியை வேர்விட வைத்து ஒரே மாதிரியான கன்றுகளை உருவாக்கும் முறையைக் கொண்டுவந்தது. இந்தோனேசியாவிலிருந்து வந்த ஜுங்ஹுனியானா என்ற சவுக்கு இனம் வறட்சியை இன்னும் நன்றாகத் தாங்கும். அதையும் நம் கடற்கரைச் சவுக்கையும் சேர்த்த கலப்பினங்களும் இருக்கின்றன. நேராக வளரும், சீக்கிரம் பருக்கும், காகித ஆலைக்காரர்களுக்கும் பிடிக்கும். நான் வைத்த 4,000 கன்றும் ஒரே தாய்மரத்தின் துண்டுகள் என்றால், நான் வெட்டுவது 4,000 உயிரா, ஓர் உயிரா? இதைக் கேட்டு டீச்சரை மடக்கிவிடலாம் என்று சந்தோஷமாகப் போனேன். அவர் பதிலைக் கையிலேயே வைத்திருந்தார். ஒரே உடலைப் பல உயிர்கள் பங்கிட்டுக்கொள்ளும் செடி வகை ஒன்று, தனி உடலுக்குத் தனி உயிர் என்று இருக்கும் வகை ஒன்று என்று சமணம் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது. கிழங்கை அவர் தொடாததற்கு முதல் வகைதான் காரணம். "தனியா வேர் விட்டுடுச்சுன்னா அது தனி ஆள்தான் டீச்சர். ரேஷன் கார்டு வேற." ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்னால் யோசித்தவர்களின் வகைப்பாட்டில் குளோனுக்கும் இடமிருந்தது.

இங்கே நற்றிணையில் வரும் ஒரு பெண்ணைச் சொல்லாமல் போக முடியாது. தோழிகளோடு விளையாடும்போது மணலில் அழுத்திவிட்டு மறந்த புன்னை விதை முளைத்து மரமாகிறது. பால் வார்த்து வளர்க்கிறார்கள். இது உன் தமக்கை என்று தாய் சொல்லிவிடுகிறாள். அக்கா பக்கத்தில் நிற்கும்போது உன்னோடு எப்படிக் கொஞ்சுவது என்று காதலனிடம் அவளுக்குக் கூச்சம். வகுப்பில் நடத்தும்போது பெண்பிள்ளைகள் எல்லோரும் சிரிக்கும் பாட்டு இது. எங்களுக்குப் பக்கத்துத் திருவிடந்தையில் நித்தியகல்யாணப் பெருமாள் கோயில் தலமரமும் புன்னைதான். கல்யாணம் ஆக வேண்டியவர்கள் மாலையோடு வந்து சுற்றுகிறார்கள். புன்னையை வெட்டு என்று எங்கள் ஊரில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், கத்தியைக் கீழே வைத்துவிடுவார்கள்.

சவுக்கை யாரும் அக்கா என்று சொன்னதில்லை. அந்நிய மரம் என்பதால் என்று சிலர் விளக்குவார்கள். நான் ஏற்கவில்லை. மிளகாயும் அந்நியம்தான், முந்திரியும் அந்நியம்தான். நாளையே ஒருவர் ஒற்றைச் சவுக்கை வாசலில் வைத்து வளர்த்தால் அதற்கும் மஞ்சள் துணி கட்டுவார்கள். காரணம் எண்ணிக்கை. யாருக்கும் 4,000 அக்கா இருக்க முடியாது. உறவு என்ற வழியில் போய்ச் சவுக்குக்கு ஒரு நியாயம் கிடைக்காது என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. தோப்பு மரம் உறவு இல்லை, பயிர். அப்படியானால் பயிருக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பதுதான் கேள்வி.

பதில் எனக்கு வள்ளலாரிடமிருந்து கிடைத்தது. பயிர் வாடுவதைப் பார்த்துத் துடித்தவர் என்று அவரைப் பற்றி எல்லோரும் சொல்கிறோம், மேடையில் சொல்கிறோம், சுவரில் எழுதுகிறோம். ஒன்றை மட்டும் கவனிப்பதில்லை. அவர் துடித்தது பயிருக்காக. பயிர் என்றால் அறுவடைக்கென்று விதைத்தது. தண்ணீர் கிடைத்து அது வாடாமல் நின்றிருந்தால் தையில் அரிவாள் வந்தேயிருக்கும். அது தெரியாதவரா அவர்? வடலூரில் 1867-ல் தரும சாலை திறந்து, அடுப்பு அணையாமல் அரிசி வேகச் செய்தவர். அறுவடைக்காக அவர் அழவில்லை. நட்டவன் கண்ணெதிரிலேயே தண்ணீரில்லாமல் நின்றபடி சாகிறதே, அதற்காக அழுதார். வெட்டுக்கும் வாடலுக்கும் நடுவில் அவர் கோடு போட்டிருக்கிறார் என்பது என் வாசிப்பு. அவரைப் பின்பற்றுகிறவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

இந்த இடத்தில் என் அம்மாவைச் சொல்ல வேண்டும். அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் அடுத்தவர் சவுக்குத் தோப்புகளில் குடம் ஊற்றப் போனவர். மோட்டார் வராத காலம். மணலில் அகலமாகத் தோண்டிய துரவு இருக்கும். இரண்டு கையிலும் இரண்டு மண்குடத்தோடு அதில் இறங்கி, முக்கி, ஏறி, கன்று கன்றாக ஊற்றிக்கொண்டே போக வேண்டும். வரிசை முடிவதற்குள் குடம் காலியாகும், மறுபடி துரவுக்கு. விடிவதற்கு முன் தொடங்கி மணல் சுடுவதற்குள் ஒரு சுற்று, சாயங்காலம் இன்னொரு சுற்று. சவுக்கு வறட்சி தாங்கும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதே, அது வேர் கீழே ஈரத்தைப் பிடித்த பிறகுதான். அதற்கு முன்னால் வறட்சியைத் தாங்கியது எங்கள் ஊர்ப் பெண்களின் முதுகு. முதல் இரண்டு கோடை அதைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டால் பிறகு அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். அம்மாவுக்கு அந்த மரங்கள் எதுவும் சொந்தமில்லை. ஆனாலும் காய்ந்துபோன கன்றைப் பார்த்தால் திட்டுவார், கன்றை இல்லை, வைத்தவனை. "தண்ணி ஊத்தத் துப்பில்ல, கன்னு வெக்க வந்துட்டான்." அதே மரம் நாலு வருஷம் கழித்து லாரியில் ஏறும்போது ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டார். வேர்க்கட்டைக்கும் மிளாருக்கும் பங்கு கேட்கத்தான் நிற்பார்.

டீச்சரிடம் நான் கடைசியாகச் சொன்ன பதில் இதுதான். ஆமாம், வைக்கும்போதே வெட்ட நினைத்துத்தான் வைக்கிறேன். சங்கல்பம் இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். அதற்கு ஈடாக அந்த நாலு வருஷம் முழுவதும் அது மரமாக வாழ வேண்டியதெல்லாம் என்னிடமிருந்து அதற்கு வர வேண்டும். தண்ணீர், இடைவெளி, ஆடு கடிக்காத வேலி. அது வந்திருந்தால் நான் கடனாளி இல்லை. வரவில்லையென்றால் வெட்டாமலே விட்டாலும் நான் கொன்றவள்தான். அவர் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. "பாவம் குறையும், போகாது" என்றார். கணக்கு டீச்சர், மீதியை விடமாட்டார். அவர் சொன்னதையும் சரி என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் கரையைப் பார்த்தால் பாவம் வேறெங்கோ இருப்பது தெரிகிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கரை நெடுகச் சவுக்கு நட்டார்கள். அலையின் வேகத்தை மரங்கள் குறைக்கும் என்று நம்பிக்கை. சில இடங்களில் அது நியாயம். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைச் சுற்றிச் சவுக்கு வைத்து உப்புக் காற்றையும் மணலையும் தடுத்திருக்கிறார்கள். அந்தச் சிற்பங்கள் இன்னும் முகத்தோடு இருப்பதில் இந்த விறகு மரத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் மணல்மேட்டில் ஏற்கெனவே அடும்பும் இராவணன் மீசையும் மணலைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தன. பல இடங்களில் அவற்றின் மேலேயே சவுக்கை வரிசையாகப் போட்டார்கள். அலை தொடும் விளிம்பு வரைக்கும் மரம் வந்துவிட்டால், தை மாசியில் முட்டையிடக் கரையேறும் பங்குனி ஆமை எங்கே குழி பறிக்கும்? வேரையா தோண்டும்? 1988 முதல் சென்னைக் கடற்கரையில் ராத்திரி ராத்திரியாக நடந்து ஆமை முட்டைகளைக் காப்பாற்றும் மாணவர்களைக் கேட்டால் இன்னும் விவரமாகச் சொல்வார்கள். சவுக்குச் சருகு மெத்தை போல விழுந்த இடத்தில் வேறு செடி எழுவதும் அரிது. தோப்புக்குள் அதை நான் பொறுத்துக்கொள்ளலாம், தோப்பு என்னுடையது. கடற்கரை ஆமைக்கும் அடும்புக்கும் உரியது.

நட்டாலே புண்ணியம் என்று எல்லா மதமும் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருப்பதால் வந்த வினை இது. ஒரு மரம் பத்துப் பிள்ளைக்குச் சமம் என்று புராணம் சொல்கிறது. கணக்கை இன்னும் விரித்துப் பார்க்க வேண்டும். இஸ்ரேலில் நெகேவ் பாலைவன ஓரத்தில் யத்தீர் என்று ஒரு காடு இருக்கிறது. 1964-ல் தொடங்கி வறட்சி தாங்கும் அலெப்போ பைனை நட்டு உண்டாக்கியது. வருஷத்துக்கு ஏறக்குறைய 280 மில்லிமீட்டர் மழை. எங்களுக்கு ஒரு நல்ல புயல் இரண்டு மூன்று நாளில் கொட்டிவிடும் அளவு. அதில் ஒரு காடே நிற்கிறது என்றால் கும்பிடத்தான் தோன்றும். அங்கே பல வருஷமாக அளந்துகொண்டிருக்கும் விஞ்ஞானிகள் இன்னொன்றையும் கண்டுபிடித்தார்கள். வெளிர் நிறப் பாலை வெயிலைத் திருப்பி அனுப்பும், இருண்ட பச்சைக் காடு அதை வாங்கி வைத்துக்கொள்ளும். மரங்கள் கரியை இழுத்துத் தரும் குளிர்ச்சி இந்தக் கூடுதல் சூட்டை ஈடுகட்டவே பல பத்தாண்டுகள் ஆகும். நட்டது தவறென்று நான் சொல்ல வரவில்லை. நடுவதும் ஒரு வினை, அதற்கும் இரண்டு பக்கம் உண்டு.

என்னால் சகிக்க முடியாதது இதெல்லாம் இல்லை. வேர் முண்டில் சேர்த்த உரத்தை மண்ணுக்கே விட்டுவிட்டுப் போகும் மரம் சவுக்கு. வெட்டிய இடத்தில் வேர்க்கடலை போட்டால் எங்களுக்குத் தெரியும். அதன் மேல் எனக்குப் புகார் கிடையாது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கரையேறிய இரவில் ஒரு வரிசையே சாய்ந்தது. அதற்கும் யாரையும் நோவதற்கில்லை. சகிக்க முடியாதது சாலையோரம் நான் வருஷா வருஷம் பார்ப்பது. ஒரு நிறுவனத்து ஆட்கள் ஏசி பஸ்ஸில் வந்தார்கள். ஒரே நிற பனியன், பேனர், நூற்றுக்கணக்கில் கன்று. புன்னை, வேம்பு, பூவரசு, எல்லாம் நம்மூர் மரம், எல்லாம் வெட்டவே கூடாத மரம். ஆளுக்கு ஒன்றாக நட்டு, ஆளுக்கு ஒரு படம் எடுத்து, சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பிளாஸ்டிக் பையைக்கூடச் சில கன்றுகளுக்குக் கிழிக்கவில்லை. மாசிக்குள் எல்லாம் குச்சி. அங்கே சங்கல்ப இம்சை எதுவும் இல்லை, யாரும் வெட்ட நினைக்கவில்லை, யாரும் கத்தி எடுக்கவில்லை. எந்த நூலின் பட்டியலிலும் இவர்கள் அகப்பட மாட்டார்கள். ஆளவியில் குழந்தையின் கையை வெட்டிய பிக்குவாவது ஒரு வீடு கட்டிக்கொண்டார்.

வெட்டுவதற்கென்று நட்டவர்களை விட, வளர்ப்பதற்கென்று நட்டு மறந்தவர்கள் கையில் அதிக உயிர் போயிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. எண்ணி வைத்திருக்கவில்லை. எங்கள் சாலையில் ஒரு சித்திரையில் நடந்து பார்த்தால் போதும்.

ஆகவே படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிறந்த நாளுக்கோ, பெற்றோர் நினைவுக்கோ, கம்பெனிக் கணக்குக்கோ எங்கள் பக்கம் கன்று நட வருகிறீர்களென்றால் வாருங்கள். எந்த மரமானாலும் சரி. கடல் விளிம்பை மட்டும் விட்டுவிடுங்கள், அங்கே அடும்பு பார்த்துக்கொள்ளும். வருவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் தயாராக இருக்கட்டும்: மாசியிலிருந்து ஆடி வரைக்கும் இதற்குத் தண்ணீர் ஊற்றப் போவது யார்? "நிர்வாகம் பார்த்துக்கும்" என்பது பதில் ஆகாது. ஓர் ஆளின் பெயர் வேண்டும், அவருக்குக் கூலியும் வேண்டும். பெயர் இல்லையென்றால் கன்றை நர்சரியிலேயே விட்டுவிட்டு வாருங்கள். அங்கே அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.